சொந்த வார்த்தைகளில்

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டபோது, கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்கவேண்டும் என்பதே உபாவுக்கு மறந்துபோனது. இறைச்சித் தொழிற்சாலையின் லைனில் தலையில்லாத வான்கோழிகள் கொக்கிகளில் தொங்கியபடி அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற ஷுக்ரிதான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியை வாங்கினாள். "போடி, போ. உன் கோழியையும் சேத்து நானே அறுக்கறேன்" என்றாள். அவள் குரலிலும் பயம் இருந்தது. மாலைக் கூட்டங்களுக்குப் பள்ளிக்கூடம் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறது. வேலை நேரத்தில், லைனிலிருந்து இறக்கி, உடனே வா என்று கூப்பிட்டதே இல்லை. அப்படிக் கூப்பிட ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று உபா நினைத்தாள். மரணச் செய்தி கேட்டால் என்ன சொல்லவேண்டுமோ அதை முணுமுணுத்தபடியே பனிக்கும் சேற்றுக்கும் நடுவே காரை ஓட்டினாள். கணவன் லிபான் லாரியோடு நெப்ராஸ்காவில் எங்கோ இருந்தான். அவனிடம் இதை எப்படிச் சொல்வது? வழியிலிருந்த தானியக் கிடங்கைத் தாண்டுவதற்குள் மனதுக்குள்ளேயே மகளைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, அந்த உறைந்த மண்ணை எந்த இயந்திரத்தை வைத்துத் தோண்டுவார்கள் என்றுகூட யோசித்து முடித்திருந்தாள்.

எனவே, அலுவலக வாசல் நாற்காலியில் மடியில் பையை வைத்துக்கொண்டு, முழு உயிரோடு, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த மகள் இஃப்ராவைப் பார்த்ததும் முதலில் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. அடுத்த நொடியே அறையத் தோன்றியது.

"உயிரோட இருக்கியா நீ?"

"நான் ஏம்மா சாகணும்?"

"பின்ன எதுக்குக் கூப்பிட்டாங்க?"

இஃப்ரா மறுபடியும் நகத்தைக் கடித்தாள். உபாவின் கோட்டில் 'பார்வையாளர்' என்று எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, செயலாளர் இருவரையும் உள்ளே போகச் சொன்னாள்.

உள்ளே அறிவியல் ஆசிரியை லிண்ட்கிரென் இருந்தாள். உபாவைவிடச் சின்னவள், மெலிந்த கழுத்து, நல்ல முகம். மொழிபெயர்க்க ஸகரியே என்ற பையன் வந்திருந்தான். அகதி முகாமில் மூக்கொழுக அம்மணமாகத் திரிந்தவன் இப்போது பள்ளிக்கூடத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தலைமுடிக்கு என்னவோ தடவியிருந்தான். "வாங்க அத்தை, உக்காருங்க, ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல" என்றான். பெரிய விஷயம் இல்லையென்று யாராவது சொன்னால் பெரிய விஷயம் என்றுதான் உபாவுக்குக் கேட்கும். முகாமில் உணவு லாரி வராத நாட்களில் எல்லாம் ஒலிபெருக்கியில் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

லிண்ட்கிரென் மேஜைமேல் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்தாள். அதன் பக்கத்தில் இஃப்ரா காலையில் எழுதிய தேர்வுத்தாளை வைத்தாள். விரலை இரண்டின்மீதும் ஒரே சமயத்தில் வரிவரியாக நகர்த்திக் காட்டினாள். ஒரு சொல்கூட மாறவில்லை. நிறுத்தற்குறிகூட மாறவில்லை. ஒரு பக்கம் முழுக்க. பிறகு அவள் வருத்தத்தோடு பேசினாள், ஸகரியே சொன்னான்.

"இஃப்ரா பரீட்சைல பாத்து எழுதிட்டான்னு டீச்சர் நினைக்கறாங்க அத்தை. போன்ல படம் எடுத்து வெச்சிருந்திருக்கலாம்னு. கேட்டா வாயே திறக்கலையாம். அதனால ஜீரோ. இது ரெக்கார்டுல ஏறினா அடுத்த வருஷம் நல்லாப் படிக்கறவங்களுக்கான ஆனர்ஸ் வகுப்புல சேத்துக்க மாட்டாங்க."

உபா தாளைப் பார்த்தாள். மகளின் குண்டு குண்டான கையெழுத்து. அந்த எழுத்துகளை அவளால் படிக்க முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அதைத்தான் இருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய அப்பா முகாமில் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர். கரியும் பாலும் பிசினும் கலந்த மையில் மரப்பலகையில் எழுதித் தருவார். மனப்பாடமானதும் பலகையைக் கழுவிவிடுவார்கள். சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் சொல்லிக்கொண்டு வரவேண்டும். ஒருவர் தடுக்கினால் மற்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில் திருத்துவார்கள். தன் பெயரைக்கூட எழுதத் தெரியாமலேயே உபாவின் நெஞ்சுக்குள் முழு வேதமும் இறங்கியிருந்தது. அர்த்தம் புரியவில்லையே என்று ஒருநாள் கேட்டதற்கு, "முதல்ல உள்ள போகட்டும். அது உள்ள இருந்தா நேரம் வரும்போது தானே பேசும்" என்றார் அப்பா. அது பேசத்தான் செய்தது. இஃப்ரா பிறந்த அன்று, வலியின் உச்சியில், பத்து வயதில் மனப்பாடம் செய்த ஒரு வசனம் திடீரென்று கதவைப்போலத் திறந்துகொண்டு தன் அர்த்தத்தைக் காட்டியது. அதன் பிறகு அப்பா சொன்னதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இஃப்ராவைப் பள்ளியில் சேர்த்தபோது, பிள்ளையோடு தினமும் உட்கார்ந்து படியுங்கள் என்றார்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள். குழந்தையின் படிப்பில் பெற்றோர் பங்கெடுக்க வேண்டும் என்று சிரித்த முகங்கள் போட்ட காகிதங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தன. உபாவுக்குப் படிக்கத் தெரியாது. கேட்கத் தெரியும். எனவே மாலையில் அவள் தோசை போன்ற அஞ்செரோவை வார்த்துக்கொண்டிருக்கும்போது இஃப்ரா ஒவ்வொரு வரியையும் மூன்று முறை வாசிப்பாள். உபா காதாலேயே பிடித்துக்கொள்வாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு இருவரும் மாறி மாறி ஒப்பிப்பார்கள். மகள் ஒரு சொல்லைத் தவறவிட்டால் கல்லில் கரண்டியைத் தட்டுவாள். இப்படியே ஆறுகளும் கோள்களும் அடிமைகளின் விடுதலையும் எரிமலைகளும் உபாவுக்குள் போய்ச் சேர்ந்தன. அவளுக்குள் இரண்டு ஆங்கிலங்கள் இருந்தன. ஒன்று தொழிற்சாலையில் கற்றது. சின்னது, அழுக்கானது, ஒவ்வொரு சொல்லும் புரியும். இன்னொன்று பாடப்புத்தகத்தினுடையது. பெரியது, அழகானது, பக்கம் பக்கமாக இருந்தது. அதில் ஒரு சொல்லும் புரியாது. பன்னிரண்டு மணி நேரம் ஈரத்தில் நின்று திரும்பும்போது அந்த இரண்டாவது ஆங்கிலத்தைக் காரில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். யாரோ அவளிடம் கொடுத்துவைத்த நகைபோல இருக்கும்.

"பாத்து எழுதல" என்றாள் உபா. "எம் பொண்ணுக்கு மனப்பாடம். இந்தப் பாடம் மட்டும் இல்ல, புத்தகமே மனப்பாடம். அவகிட்ட சொல்லு."

ஸகரியே சொன்னான். லிண்ட்கிரென் தாளின் மேல்பகுதியைச் சுட்டிக்காட்டினாள். அங்கே இரண்டு சொற்கள் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தன.

"உன் சொந்த வார்த்தைகள்ல எழுதுன்னு மேலயே போட்டிருக்காம் அத்தை."

"சொந்த வார்த்தைலயா?" உபாவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "பாடம் எழுதினவன் ஒழுங்கா எழுதி வெச்சிருக்கான். அதுல இவ எதுக்குத் தன் வார்த்தையைப் போடணும்? எங்க அப்பா முன்னாடி ஒரு வார்த்தையை மாத்திச் சொல்லியிருந்தா அன்னிக்கு ராத்திரி குப்புறத்தான் படுத்திருக்கணும்."

ஸகரியே அதைச் சொல்லவில்லை. எங்கள் பண்பாட்டில் மனப்பாடத்துக்கு மதிப்பு அதிகம் என்பதுபோல ஏதோ சொன்னான். லிண்ட்கிரென் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள். அந்தச் சாய்வு உபாவுக்குப் பிடிக்கவில்லை.

"இஃப்ரா. எழுந்திரு. சொல்லு" என்றாள்.

"அம்மா, வேண்டாம்."

"திருடின்னு பேர் வாங்கிட்டு வீட்டுக்கு வருவியா? சொல்லுடி!"

இஃப்ரா எழுந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். "செல் சவ்வு, தேர்ந்தெடுத்து அனுமதிக்கும் தன்மையுடையது. அது சில பொருள்களை உள்ளே விடுகிறது, சிலவற்றைத் தடுக்கிறது." இரண்டாவது வரியிலேயே அவள் உடம்பு முன்னும் பின்னுமாக மெல்ல ஆடத் தொடங்கிவிட்டது. ஓதும்போது எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் ஆடுவார்கள், ஆடுவது அவர்களுக்கே தெரியாது. குரலும் மாறியது. வரிக்கு வரி ஏறி, கடைசியில் நீண்டு இறங்கியது. உபாவின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. "படம் ஏழு புள்ளி மூன்றைக் காண்க" என்பதையும் இஃப்ரா அதே ராகத்தில் சொன்னாள். படத்துக்குக் கீழே இருந்த குறிப்பைச் சொன்னாள். பக்கத்தின் அடியில் இருந்த கேள்விகளை, எண்களோடு, சொன்னாள். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. சொல்லி முடித்தாள். வெளியே நடைபாதையில் யாரோ லாக்கர் கதவை அடித்துச் சாத்தினார்கள்.

உபா ஆசிரியையைப் பார்த்தாள். ஆச்சரியத்தை எதிர்பார்த்தாள். வெட்கத்தையும் கொஞ்சம் எதிர்பார்த்தாள். ஆனால் அந்த நல்ல முகத்தில் இருந்தது இரக்கம். சாலையோரம் அடிபட்ட மானைப் பார்ப்பவர்களின் இரக்கம். லிண்ட்கிரென் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இஃப்ராவிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"உலர்ந்த திராட்சையை ராத்திரி தண்ணில போட்டு வெச்சா காலைல எப்படி இருக்கும், ஏன்னு கேக்கறாங்க" என்றான் ஸகரியே.

இஃப்ரா ஒன்றும் சொல்லவில்லை. ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.  லிண்ட்கிரென் பெருமூச்சுவிட்டாள். அதன்பிறகு நிறையப் பேசினாள், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"சரி, பாத்து எழுதலன்னு டீச்சர் நம்பறாங்க" என்றான் ஸகரியே. முகம் மலர்ந்திருந்தது. "ஆனா ஜீரோவை மாத்த முடியாதாம், ஏன்னா சொன்னபடி எழுதல. அடுத்த மாசம் ஒரு தடவை திரும்ப எழுதலாம். அதுல நல்லா செஞ்சா ஆனர்ஸுக்கு சிபாரிசு பண்றதைப் பத்தி யோசிப்பாங்க. உங்க உழைப்பை ரொம்பப் பாராட்டறாங்க அத்தை."

"அப்படிச் சொல்லல" என்றாள் இஃப்ரா.

ஸகரியே அவளை முறைத்தான்.

"பின்ன என்ன சொன்னா?" என்று கேட்டாள் உபா. "டேய், கேம்ப்ல உன் மூக்கைத் துடைச்சு துடைச்சு என் முந்தானையே விறைச்சுப் போச்சு. எங்கிட்டயே சர்க்கரை தடவிக் கொடுக்கறியா? இஃப்ரா, நீ சொல்லு."

"நீ வீட்ல எனக்குச் சொல்லித்தராம இருந்தா அதுவே பெரிய உதவின்னு சொன்னாங்க."

 கோபம் வரும் என்று உபா காத்திருந்தாள். அது வருவதற்கு முன்னால் வேறு ஏதோ வந்தது, நின்றுகொண்டிருக்கும் பாயை யாரோ உருவியதுபோல. எட்டு வருடம். கல்லில் தட்டிய கரண்டியின் கைப்பிடிகூட வளைந்துபோயிருந்தது. பிறகு கோபம் வந்தது. வரும்போது முழுதாக வந்தது.

"சொல்லு அவகிட்ட. ஒரு வார்த்தை விடாம சொல்லு. பிள்ளை பக்கத்துல உக்காரு உக்காருன்னு நீங்கதான் சொன்னீங்க. உக்காந்தேன். கால் வீங்கி ஷூவைக் கழட்ட முடியாம, ஷூவோடயே உக்காந்தேன். அப்ப எவளாவது வந்து எப்படி உக்காரணும்னு சொன்னாளா? மூணாவது படிக்கறப்ப இதே மாதிரி ஒப்பிச்சதுக்கு நட்சத்திரம் ஒட்டி அனுப்பினீங்க. ஐஸ்பெட்டில இன்னும் ஒட்டியிருக்கு. இன்னிக்கு அது குத்தமா? முதல்ல திருடின்னீங்க. திருடி இல்லன்னு ஆனதும் முட்டாள்ங்கறீங்க. அவ முட்டாள் இல்லன்னு ஆச்சுன்னா அடுத்தது என்ன வெச்சிருக்கீங்க?"

ஸகரியே ஆசிரியையின் பக்கம் திரும்பி நான்கு சொற்கள் சொன்னான். அதில் இரண்டு உபாவுக்குத் தெரிந்தவை.

"நான் எப்படா தேங்க் யூ சொன்னேன்?"

"அத்தை, நான் இங்க வேலை பாக்கணும்" என்றான் அவன் தணிந்த குரலில். முதல்முறையாக அவன் உண்மையைச் சொன்னான்.

உபா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வாகனம் நிறுத்துமிடத்தில் காற்று முகத்தை அறுத்தது. காருக்குள் ஏறி ஹீட்டரைப் போட்டாள். கண்ணாடியில் படிந்திருந்த பனி உருகும்வரை இருவரும் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள்.

"திராட்சை என்ன ஆகும்?" என்று கேட்டாள் உபா.

"உப்பும்."

"ஏன்?"

"வெளிய தண்ணி நிறைய இருக்கு, உள்ள சர்க்கரை நிறைய இருக்கு. தோல் தண்ணியை உள்ள விடும், சர்க்கரையை வெளிய விடாது. அவ்வளவுதான்." இஃப்ரா சலிப்போடு சொன்னாள், வழிப்போக்கனிடம் வழி சொல்வதுபோல.

உபா திரும்பி மகளைப் பார்த்தாள். "தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டே வாயை மூடிட்டு நின்னியா? ஊமையாடி நீ? ஆனர்ஸ் போகுதே, அறிவு வேண்டாம்?"

"காலைல என்ன நடந்துதுன்னு உனக்குத் தெரியாது" என்றாள் இஃப்ரா. அவள் குரல் உடையவில்லை, கெட்டியானது. "எல்லார் முன்னாடியும் பேப்பரைப் பிடுங்கினா. ஸ்வெட்டர் கையை மடக்கிக் காட்டுன்னா. முக்காட்டுக்குள்ள காதுல ஏதாவது மாட்டிருக்கியான்னு கேட்டா. பின் வரிசைல சிரிச்சாங்க. இப்ப நான் திருடலன்னு தெரிஞ்சுதில்ல, ஸாரி சொன்னாளா? சொல்லல. உடனே அடுத்த கேள்வி. அதுக்குப் பதில் சொன்னா இன்னொண்ணு கேப்பா. நான் எத்தனை தடவைம்மா பாஸ் பண்ணனும்?"

முக்காட்டைப் பற்றி ஸகரியே ஒரு சொல்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"உன் மேலயும் கோவம்தான்" என்றாள் இஃப்ரா சற்று நேரம் கழித்து. "குரங்கு மாதிரி ஆட வெச்ச. ஆடறேன்னு எனக்கே தெரியல, அவ என் இடுப்பைப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டிருக்கியா நீ? நான் சொல்ல வந்தாலும் கரண்டியைத் தட்டுவ. அடுத்த வரி, அடுத்த வரி. இது குர்ஆன் இல்லம்மா. திராட்சை."

அந்தச் சொல்லுக்கு அறைந்திருக்க வேண்டும். அறையத் தோன்றவும் செய்தது. ஆனால் மகள் தாடையை முன்னால் தள்ளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தில் உபா தன்னைப் பார்த்தாள். தன் அப்பாவையும் பார்த்தாள். இவள் புரிந்துகொண்டே மனப்பாடம் செய்திருக்கிறாள். சமையலறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, அம்மாவுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டே, அம்மாவுக்காக ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லியிருக்கிறாள்.  அந்த நினைப்பைக் கோபமாக மாற்றிக்கொள்வது உபாவுக்குச் சுலபமாக இருந்தது.

"இப்ப அந்த டீச்சருக்கு எந்த வகுப்பு?"

"எங்களுக்குத்தான். லேப். ஏன்?"

"காலைல இருந்த அதே பிள்ளைங்களா?"

"அம்மா. நோ." இஃப்ரா முழுதாகத் திரும்பினாள். "வேண்டாம். அடுத்த மாசம் எழுதலாம்னு சொல்லிருக்கா. நான் நல்லா எழுதுவேன். நீ இப்பப் போய்க் கத்தினா அதுவும் போயிடும். சிபாரிசு அவதான் பண்ணணும். அவ மட்டும்தான்."

"ஆமா."

"ஆமான்னா?"

"அவதான் பண்ணணும்னு தெரியுது. நீ கார்லயே இரு."

"நீ போனா நான் இனிமே உன்னோட பேசவே மாட்டேன்!"

"பேசாத. எனக்கும் காது வலிக்குது" என்று சொல்லிவிட்டு உபா கதவைத் திறந்து இறங்கினாள்.

பனிச்சகதியில் வேகமாக நடக்க முடியவில்லை. நடக்கும்போதே அறிவு பேசியது. எட்டு வருடமாக நீ எதற்காக உட்கார்ந்தாயோ அதை இப்போது நீயே உடைக்கப்போகிறாய் என்றது. ஆசிரியை சொல்வதற்கெல்லாம் மண்டையை ஆட்டிவிட்டுப் போ, பிள்ளை உள்ளே போகட்டும், உள்ளே போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது. அது நல்ல புத்திதான். அந்தப் புத்தியை வைத்துக்கொண்டுதான் அவள் இரண்டு எல்லைகளைத் தாண்டினாள், கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துக்குப் பதிலாகக் கைரேகை வைத்தாள், சூப்பர்வைசர் சிரித்தால் சிரித்தாள். ஆனால் முக்காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கப்பட்ட தன் மகள் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு மாதம் முழுக்க அந்தப் பின்வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திராட்சையைப் பற்றி எழுதிப் பழகுவாள் என்று நினைத்தபோது, அந்தப் புத்தி அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கோட்டில் ஸ்டிக்கர் இன்னும் இருந்ததால் செயலாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கதவைத் திறந்துவிட்டாள். எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போனதாக நினைத்திருப்பாள். மாலைக் கூட்டங்களுக்கு வந்து பழகிய அறைதான், நடைபாதையில் மூன்றாவது கதவு. பாதிக் கண்ணாடி வழியாக லிண்ட்கிரெனின் மெலிந்த கழுத்து தெரிந்தது. பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். உபா கதவைத் தட்டாமலே திறந்தாள்.

முப்பது முகங்கள் திரும்பின. லிண்ட்கிரென் மார்க்கரோடு நின்றாள். முதலில் புன்னகைக்கப் பார்த்தாள்.

பாடப்புத்தக ஆங்கிலம் உபாவுக்குள் பக்கம் பக்கமாக இருந்தது, அதில் இப்போது ஒரு வரிகூடப் பயன்படாது. தொழிற்சாலை ஆங்கிலத்தில்தான் தேடவேண்டியிருந்தது. அதில் நன்றாக வெட்டாத இறைச்சியைத் திருப்பி அனுப்பும்போது சொல்கிற சொற்கள் இருந்தன. "யூ" என்றாள். விரலால் ஆசிரியையைக் காட்டினாள். பிறகு வகுப்பைக் காட்டினாள், பின்வரிசை வரை கையை நீட்டிக் காட்டினாள். "மார்னிங், யூ சே ஹியர். நவ், சே ஹியர். இஃப்ரா நோ சீட்டிங். சே."

யாரும் சிரிக்கவில்லை. லிண்ட்கிரென் ஏதோ சொன்னாள், மென்மையாக, அலுவலகம் என்ற சொல் அதில் வந்தது. உபா நகரவில்லை. "சே" என்றாள் மறுபடியும், சொல்லியே ஆகவேண்டும் என்று.  இரண்டாவது வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியை அப்போதுதான் அவள் பார்த்தாள். பக்கத்து மேஜைகளைவிட அதன் மேஜை துப்புரவாக இருந்தது.

பின்னால் நடைபாதையில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. ஈர ஷூக்கள் தரையில் கிறீச்சிட்டு நின்றன. இஃப்ரா அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். இழுக்கப்போகிறாள் என்று உபா உடம்பை இறுக்கிக்கொண்டாள். ஆனால் கை இழுக்கவில்லை. பிடித்தபடி இருந்தது. வகுப்பறையின் வாசலில், கதவை அடைத்துக்கொண்டு, இருவரும் மூச்சிரைக்க நின்றார்கள்.

லிண்ட்கிரென் இஃப்ராவைப் பார்த்து, காலி நாற்காலியின் பக்கம் தலையை அசைத்தாள். இஃப்ரா போகவில்லை. அலுவலகத்தைக் கூப்பிட, ஆசிரியையின் இடதுகை சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியை நோக்கி உயர்ந்தது. உயர்ந்து, பாதி வழியில், காற்றில் நின்றது.